தடை இருந்தால் எழுந்து சொல்லலாம்

ஜனவரி 12

என் அன்பு டீச்சரம்மாவுக்கு,

கர்த்தர் தயவுல நான் சுகமா இருக்கேன். உன் இருமல் விட்டுச்சா? மாடி அறையில ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்காதேன்னு சொன்னா நீ கேக்கவா போற? சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிட்டேன்.

நம்ம வீட்டுக் கூரையைப் பத்திக் கேட்டிருந்தே. தோட்டத்து முதலாளி நாலு ஆளை அனுப்பினார். அவங்களுக்குக் கரும்பு வெட்டில்லாத நாள் ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். அன்னைக்குப் போய் என் வீட்டுக்குக் கூரை போடுங்கன்னா, அடிமை ஆளுங்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? எனக்கு மனசு ஒப்பல. கும்பிட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். இப்ப நானே ஏறிப் போடறேன். போன வாரம் ஏணியோட சேர்ந்து கீழ வந்தேன். பயப்படாதே, புல்லுக் கட்டு மேலதான் விழுந்தேன். பாத்த ஒருத்தர் கூடச் சிரிக்கல. அதுதான் ரொம்ப வலிச்சுது.

ஒரு சேதி. நம்ம சலவைக்காரம்மாவை ஞாபகம் இருக்குமே. அவங்களும் கொப்பரையில பாகு காய்ச்சற அண்ணனும் சபையில கல்யாணம் பண்ணிக்கணும்னு வந்து நின்னாங்க. பல வருஷமா ஒரே குடிசையில இருக்கறவங்கதான். இப்ப என்ன அவசரம்னா, முதலாளி மகளுக்கு மே மாசம் கல்யாணம், உன் ஊர்ல. சீதனத்தோட சீதனமா சலவைக்காரம்மாவையும் அனுப்பப் போறாங்களாம். தேவன் முன்னால கல்யாணம் ஆயிட்டா பிரிக்க மாட்டாங்கன்னு இவங்க நம்பறாங்க. நானும் நம்பறேன். வழக்கப்படி மூணு ஞாயித்துக்கிழமை சபையில அறிவிப்பு படிக்கணும். தடை இருக்கிறவங்க எழுந்து சொல்லலாம். யாரும் சொல்லலைன்னா நாலாவது வாரம் கல்யாணம்.

கோயிலுக்குப் பின்னால நம்ம பாப்பா படுத்திருக்கிற இடத்தை அந்த அம்மாதான் புல்லு முளைக்காம பாத்துக்கறாங்க. நான் சொல்லல, அவங்களாவே செய்யறாங்க.

கூரை முடிஞ்சதும் எழுதறேன்.

உன் போதகர்


ஜனவரி 30

என் அன்புள்ள போதகரய்யாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இருமல் போயிடுச்சு, ஜன்னல் திறந்தேதான் இருக்கு.

ஏணியோட விழுந்ததை எழுதிட்டு அடுத்த வரியில பயப்படாதேன்னா என்ன அர்த்தம்? முழங்கால் வீங்கியிருக்கா இல்லையா, அதை எழுதுங்க. உங்களுக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியும், கூரை போடத் தெரியாது. இந்த வேகத்துல போனா நம்ம தலை நரைச்ச பிறகுதான் அதுல முதல் மழை விழும்.

இங்க அந்தக் கல்யாணப் பேச்சுதான். மாப்பிள்ளையோட அம்மா எங்க சபைத் தையல் வகுப்புக்கு வர்றவங்க. "மருமகளோட ஒரு சலவைக்காரி வரா, அவ கை பட்டா மஞ்சள் துணி பாலாட்டம் ஆயிடுமாம்"னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டு இருக்காங்க. கெட்டவங்க இல்ல. தட்டுமுட்டுச் சாமானைப் பத்திப் பேசற மாதிரிப் பேசறாங்க, அவ்வளவுதான். எனக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சு.

அறிவிப்பைப் படிங்க. தைரியமாப் படிங்க. ஆனா அந்தக் கோயிலைக் கட்டினவரே உங்க முதலாளிதான்கிறதை மறந்துடாதீங்க.

பின்னால இருக்கிற இடத்தைப் பத்தி எழுதினதைப் படிச்சேன். சலவைக்காரம்மாகிட்ட என் அன்பைச் சொல்லுங்க. அதுக்கு மேல எனக்கு எழுத வரல.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்கள் டீச்சர்


பிப்ரவரி 17

என் அன்பு டீச்சரம்மாவுக்கு,

சுகம். முழங்கால் வீங்கிச்சு, வத்திடுச்சு. போதுமா?

முதல் அறிவிப்புல ஒரு சிக்கல். இன்னார் மகள் இன்னார்னு படிக்கணும். சலவைக்காரம்மாவுக்கு அப்பா யாருன்னு தெரியாது. கைக்குழந்தையா இருந்தப்பவே வாங்கிட்டு வந்தாங்களாம். என்ன படிக்கறதுன்னு நான் பேனாவைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க, "ஐயா, ஜெபம் பண்றப்ப கர்த்தரை அப்பான்னுதானே கூப்பிடச் சொல்றீங்க? அது நெசம்னா அதையே படிச்சிடுங்க"ன்னாங்க. தேவனுடைய மகள்னே படிச்சேன். பின் வரிசையில யாரோ விசும்பற சத்தம் கேட்டுது. முதலாளி முன் வரிசையில உக்காந்து தலையாட்டினார். வெளிய வந்து, "நல்ல காரியம் போதகரே, கல்யாணத் துணி என் செலவு"ன்னார். அவருக்கு இது ஒரு சடங்கு, அவ்வளவுதான். கல்யாணம் ஆன மறுநாளே அனுப்பிடலாம்னு நினைச்சிருக்கார்.

ரெண்டாவது வாரம் அறிவிப்பு படிச்ச கையோட அதைத்தான் பேசினேன். தேவன் பேரால சேர்ந்தவங்களை ஒரு வண்டி வந்து பிரிக்கக் கூடாது, அது தோட்டத்து வண்டியா இருந்தாலும் சரின்னு சொன்னேன். முதலாளி எழுந்து ஏதோ சொன்னார். பெருசா ஒண்ணுமில்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது. கூரை பாதி ஆச்சு. கோயில் வேலை அதிகம், இதோட நிறுத்தறேன்.

உன் போதகர்


மார்ச் 3

என் அன்புள்ள போதகரய்யாவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். இந்தத் தடவை நிஜமாவே ஆவல்.

முதலாளி என்ன சொன்னார்? ரெண்டு பக்கம் விலாவாரியா எழுதற மனுஷன் "ஏதோ சொன்னார்"னு ஒரு வரியில தாண்டிட்டீங்களே. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. மறைக்க மட்டும் வரும். அதுவும் அரைகுறையா.

தேவனுடைய மகள்னு படிச்சதைத் தையல் வகுப்புல வாசிச்சுக் காட்டினேன். மாப்பிள்ளையோட அம்மா அன்னைக்கு வரல, நல்ல வேளை. இப்ப எங்கள்ல பாதிப் பேர் தோட்டத்துச் சர்க்கரையை வீட்டுக்குள்ள விடறதில்ல. காபி கசக்குது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக் குடிச்சு முழுங்கறோம். அடிமைத்தனத்தை ஒழிக்கணும்னு மன்றத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கோம். ஆம்பளைங்க கையெழுத்து வேணுமாம். "எங்க ஆத்துமாவுக்குத் தனிக் கணக்கு உண்டுன்னு பிரசங்கம் பண்றீங்களே, கையெழுத்துக்கு மட்டும் இல்லையா?"ன்னு எங்க போதகரைக் கேட்டேன். மனுஷன் கண்ணாடியைத் துடைச்சார், துடைச்சார், துடைச்சுக்கிட்டே இருந்தார்.

நான் அங்கிருந்து கிளம்பின அன்னைக்கு வண்டிப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு, "கொஞ்ச நாள் இருந்துட்டு வா"ன்னீங்க. கொஞ்ச நாள் மூணு வருஷம் ஆயிடுச்சு. குத்தம் சொல்லல. நீங்களும் கூப்பிடல, நானும் வரேன்னு சொல்லல. கூரை முடியட்டும்னே சொல்லிக்கிட்டு இருக்கோம். கூரை பாவம், நம்ம ரெண்டு பேர் பழியையும் அது சுமக்குது.

மூணாவது ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு? உடனே எழுதுங்க.

உங்கள் டீச்சர்


ஏப்ரல் 19

என் அன்புக்குரியவளே,

உன் கடிதம் வந்து ரொம்ப நாள் ஆச்சு. பதில் எழுத உக்காருவேன், எழுந்துடுவேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல.

மூணாவது அறிவிப்பு படிக்கல. அதுக்கு முந்தின நாள் காலையில வண்டி வந்துடுச்சு. அந்த அம்மா குளத்துல துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. கல்யாண வீட்டுத் துணியெல்லாம் முன்கூட்டியே வெளுக்கணும்னு அப்படியே ஏத்திட்டாங்க. பிழியாத துணி ஒண்ணு கையிலேயே இருந்துது. வண்டி போன வழியெல்லாம் தண்ணி சொட்டியிருந்துது. நான் ஓடிப் போறதுக்குள்ள அதுவும் காஞ்சு போச்சு.

கொப்பரை அண்ணன் அன்னைக்கும் வேலைக்குப் போனார். போகலைன்னா அடி. பாகைக் கிண்டறப்ப கை முழுக்கச் சுட்டுக்கிட்டார். நான் கட்டுப் போட்டேன். "வலிக்குதா அண்ணே"ன்னு கேட்டேன், பாரு என் புத்தியை. "அங்க அவளுக்குப் படுக்க இடம் குடுத்திருப்பாங்களா ஐயா?"ன்னு அவர் என்னைக் கேட்டார்.

உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாதது ஒண்ணு. பாப்பாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு நீ மயங்கிக் கிடந்தே. எல்லாரும் போன பிறகு சலவைக்காரம்மா மட்டும் நின்னாங்க. "உங்களுக்கு அழறதுக்கு ஒரு இடம் இருக்கு ஐயா. எம் பொண்ணை ஆறு வயசுல வித்துட்டாங்க. அவ இருக்காளா இல்லையான்னே தெரியாம நான் எங்க உக்காந்து அழுவேன்?"னு கேட்டாங்க. அதுவரைக்கும் நான் இந்தத் தோட்டத்துல சாந்தமா ஊழியம் செஞ்சவன். முதலாளி தர்ற மெழுகுவத்தியில ஜெபம் பண்ணினவன். அந்தக் கேள்விக்கு அப்புறம் என் ஜெபம் சுவத்துல முட்டித் திரும்பி வர்ற மாதிரி இருந்துது. அதனாலதான் நான் உன் கூட வராம இங்கேயே நின்னேன். ஊழியம்னு சொன்னேன். நிஜம் இதுதான்.

அந்த அம்மா உன் ஊர்லதான் இருக்காங்க. போய்ப் பாரு.

உன் போதகர்


மே 6

என் அன்புள்ள அசட்டு மனுஷருக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்கப் போறதில்ல. கோவமா இருக்கேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பின்வாசல்ல போய் நின்னேன். முற்றம் முழுக்க வெள்ளை விரிப்பு காயுது. அதுக்கு நடுவுல அந்த அம்மா. என்னைப் பாத்ததும் கையைத் துடைச்சுக்கிட்டு ஓடி வந்து, "பாப்பா இடத்துல புல்லு முளைச்சிருக்கும் டீச்சரம்மா, நான் யார்கிட்டயும் சொல்லாம வந்துட்டேனே"ன்னாங்க. அவங்க பிரிஞ்சு வந்திருக்காங்க, கவலை என் பிள்ளையோட இடத்தைப் பத்தி. விரிப்புக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அழுதோம். மறுபடியும் துவைக்க வேண்டியதாப் போச்சு.

படுக்க இடம் இருக்கு. துணி மூட்டை அறையில. அண்ணன்கிட்ட சொல்லுங்க.

முதலாளி எழுந்து என்ன சொன்னார்னு அவங்க சொல்லிட்டாங்க. "போதகரே, புருஷனும் பொண்டாட்டியும் பிரிஞ்சு இருக்கக் கூடாதுன்னா உங்க வீட்டம்மா எங்கே? அவங்க திரும்பி வந்து இந்தத் தோட்டத்துல குடியிருக்கட்டும். அன்னைக்கே இவளை இவனோட விட்டுடறேன். சபை முன்னால சொல்றேன், என் வார்த்தை மாறாது." இதுதானே? நான் வர மாட்டேன்னு அவருக்கு அவ்வளவு நிச்சயம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு, நான் எந்த இடத்துக்குப் பயந்து ஓடி வந்தேன்னு.

ஒரு வரி எழுதியிருந்தா போதுமே! படிச்ச அன்னைக்கே நான் கிளம்பி வந்திருப்பேனே! ஏன் எழுதல?

இன்னொண்ணு. அந்த அம்மா என்னைக் கேட்டாங்க, "எங்க அறிவிப்பை இந்த ஊர்க் கோயில்ல படிப்பாங்களா? எல்லா ஊர்க் கோயில்லயும் படிச்சா எம் பொண்ணு காதுல விழுமா?" நான் என்ன பதில் சொல்ல?

உங்கள் டீச்சர்


மே 20

என் கண்ணே,

திட்டு, இன்னும் திட்டு. உன் கையெழுத்துல வந்தா அதுவும் நல்லாத்தான் இருக்கு.

ஏன் எழுதலைன்னு கேட்டே. எழுதினேன், கிழிச்சேன். எப்படிக் கேப்பேன்? நீ இங்க இருந்து போறப்ப உன் முகத்தைப் பாத்தவன் நான். அந்த மண்ணைத் தாண்டித்தான் தினமும் தண்ணிக்குப் போகணும். முதலாளி பந்தயம் கட்டினது நம்ம பிள்ளையோட குழி மேல. அதை வெச்சு உன்னை இழுத்துட்டு வர எனக்கு மனசு வரல. அந்தப் பக்கம் பாத்தா ஒரு குடும்பமே பிரியுது. நடுவுல நான் வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவர் சபையில அப்படிச் சொன்னப்ப அந்த அம்மா என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது. கோவம் இல்ல. அதுதான் தாங்க முடியல.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன். நீ வரணும்னு நான் நினைக்காத நாளே இல்ல. சாப்பிட உக்காந்தா ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒண்ணைத் திருப்பி வைக்கறேன். பிரசங்கத்துல ஏதாவது தப்பாச் சொன்னா, மூணாவது பெஞ்சுல இருந்து நீ புருவத்தைத் தூக்குவியே, இப்பவும் அங்க பாக்கறேன். ஆனா நீ வந்தா நமக்காக வரணும், ஒருத்தர் சவாலுக்காக இல்ல. இது என் பெருந்தன்மையா, பயந்தாங்கொள்ளித்தனமான்னு எனக்கே தெரியல. நீயே சொல்லு.

அறிவிப்பைப் படிக்கச் சொல்லு. ரெண்டு வாரம் இங்க படிச்சாச்சுன்னு சாட்சிக் கடிதம் இதோட சேர்த்து வெச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச போதகருங்களுக்கெல்லாம் நானும் எழுதறேன்.

உன் போதகர்


ஜூன் 11

என் அன்பானவருக்கு,

சுகம். இன்னைக்கு ரொம்ப சுகம்.

போன ஞாயித்துக்கிழமை எங்க போதகர் மூணாவது அறிவிப்பைப் படிச்சார். தேவனுடைய மகள்னே படிச்சார். இவங்களுக்கு ஒரு மகள் உண்டு, ஆறு வயசுல விற்கப்பட்டவள், இடது புருவத்துல தழும்பு, தெரிஞ்சவங்க சபைக்குச் சொல்லுங்கன்னு சேர்த்துப் படிச்சார். தடை இருக்கறவங்க எழுந்து சொல்லலாம்னார். எல்லார் கண்ணும் மாப்பிள்ளையோட அம்மா மேல. அவங்க எழுந்தாங்க. அப்படியே நின்னாங்க, வாய் திறந்துது, மூடிச்சு. உக்காந்துட்டாங்க.

அடுத்த நாள் தையல் வகுப்புக்கு வந்து என் பக்கத்துல உக்காந்து, தலையை நிமிர்த்தாம, "அவளுக்குப் பொண்ணு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே"ன்னாங்க. ஒரு ஓரம் தைச்சு முடிச்சுட்டு, "கூட்டிட்டுப் போயிடு. நான் விட்டேன்னு மட்டும் சொல்லாத, மகன் குதிப்பான்"னாங்க. காபிக்குச் சர்க்கரை வேண்டாம்னுட்டாங்க. குடிச்சுட்டு முகம் போன போக்கைப் பாக்கணுமே!

பள்ளிக்கூடத்துல சொல்லியாச்சு. எனக்குப் பதிலா தையல் வகுப்புல இருந்து ஒருத்தங்க பாடம் எடுப்பாங்க. புதன்கிழமை வண்டி ஏறறோம், நானும் சலவைக்காரம்மாவும்.

பெருந்தன்மையா பயந்தாங்கொள்ளித்தனமான்னு கேட்டீங்க. ரெண்டும்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். சவாலுக்காக வரக் கூடாதுன்னீங்க. அந்த அம்மாவுக்காக வரேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்காக வரேன். பாப்பாவுக்காகவும் வரேன். அவளை நான் தனியா விட்டுட்டு வந்துட்டேன்னு நினைச்சு நினைச்சுத்தான் இவ்வளவு நாள் வர முடியாமப் போச்சு. தனியா இல்லைன்னு அந்த அம்மா சொன்னாங்க. தினமும் போறப்பவும் வர்றப்பவும் பேசிட்டுத்தான் போவாங்களாம்.

கூரை இல்லைன்னா பரவாயில்ல. குடை எடுத்துட்டு வரேன். ரெண்டாவது தட்டைத் திருப்பி வைக்காதீங்க.

உங்கள் டீச்சர்


ஜூன் 23

என் கண்ணே,

இந்தக் கடிதத்தை நான் தபால்ல போடப் போறதில்ல. நீ அங்க இருந்து கிளம்பியிருப்பே. மேசை மேல வைக்கறேன். வந்து படிச்சுக்க. எழுதாம இருக்க முடியல, வழி பாத்துப் பாத்து ஜன்னல் கம்பியே தேஞ்சு போச்சு.

நீங்க ரெண்டு பேரும் வர்றதை முதலாளிகிட்ட நானே போய்ச் சொன்னேன். முகம் இருண்டு போச்சு. "சபை முன்னால சொன்ன வார்த்தை. அவளைத் திரும்ப அங்க அனுப்ப மாட்டேன். மருமகன் வீட்டுக்கும் எழுதிடறேன்"னார். பெருமைக்காரர், வார்த்தை தவறினார்னு யாரும் சொல்லிடக் கூடாது. வாசல் வரைக்கும் வந்தப்புறம், "ஆனா இன்னொரு கல்யாணம் என் கோயில்ல நடக்காது"ன்னு சொல்லிச் சாவியைக் கேட்டார். குடுத்துட்டேன். விஷயம் என்னன்னா, போன வாரம் மட்டும் ஒன்பது ஜோடி அறிவிப்பு படிக்கச் சொல்லி வந்து நின்னாங்க. அது ஒரு கல்யாணத்தோட நிக்கற காரியம் இல்லைன்னு அவருக்கு இப்பத்தான் உறைச்சிருக்கு. குளத்தங்கரையில மரத்தடி இருக்கு. அங்க படிப்போம். இவங்க கல்யாணமும் அங்கதான்.

கூரை முடிஞ்சுது. நான் போடல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து பாத்தா கொப்பரை அண்ணன் தழும்பு விழுந்த கையோட மேல உக்காந்திருக்கார், கூட ஏழெட்டுப் பேர். இறங்குங்கன்னு கத்தினேன். "முதலாளி அனுப்பி வரல ஐயா, நாங்களா வந்தோம். இறங்குன்னு சொல்ல நீங்க யாரு?"ன்னார். நான் போட்ட பாதியைப் பிரிச்சு எறிஞ்சுட்டாங்க. அதைப் பாத்துச் சிரிச்சாங்க பாரு, எல்லாரும், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. நான் இந்தத் தோட்டத்துக்கு வந்ததுல இருந்து இந்தச் சிரிப்பை அன்னைக்குத்தான் கேட்டேன்.

பொண்ணைப் பத்தி இன்னும் சேதி இல்ல. மூணு ஊர்ல படிச்சிட்டாங்கன்னு பதில் வந்திருக்கு. மத்த ஊர்லயும் படிப்பாங்க.

தட்டு ரெண்டும் மேசையிலதான் இருக்கு. தாழ்ப்பாள் இன்னும் சரியா விழறதில்ல, தள்ளினா கதவு திறக்கும். உள்ள என்னைக் காணலைன்னா தேடாதே. வண்டியை விட்டு இறங்கினதும் நீ முதல்ல எங்க போவேன்னு எனக்குத் தெரியும். நான் அங்கதான் புல்லுப் பிடுங்கிக்கிட்டு இருப்பேன்.

உன் போதகர்